வாத்தியாரம்மாவின் ஜீப்புக்கு வைப்பர்

திருமலைசாமி இருபத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். மழை வந்தால், வைப்பர் இல்லாத முன்கண்ணாடியில் தண்ணீர் திவலையாக நிற்காதபடி புகையிலையைத் தேய்த்துவிட்டுக் கல்கத்தா வரைக்கும் போய்வந்த மனுஷன். ஐம்பத்திரண்டு வயசில் முழங்கால் மக்கர் பண்ணியதும், பொள்ளாச்சியில் ஜெனோவாவின் வைப்பர் கடைக்குத் தொழில் கற்க வந்தார். அவரைவிடப் பதினாலு வயசு சின்னவள் ஜெனோவா. இருந்தால் என்ன, கற்றுக்கொடுப்பவள் அவள்தானே. வாய் நிறைய வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

வந்த அன்றைக்கே கேட்டார், எந்த வைப்பர் பிளேடு ஒசத்தி என்று. அவளோ கழித்துப்போட்ட பிளேடுகள் கிடந்த டிரம்மைக் காட்டி, ஒவ்வொன்றும் எதனால் செத்தது என்று பார்க்கச் சொன்னாள்.

மனுஷருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் உட்கார்ந்தார். ஆறு மாசம் பார்த்தார். வெயிலில் வெடித்த ரப்பர், எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிப்போன ரப்பர், துருப்பிடித்த இரும்புச் சட்டம். வளைந்த கண்ணாடிக்கென்று செய்த சட்டமில்லாத பிளேடை யாரோ தட்டைக் கண்ணாடியில் மாட்டியிருந்தார்கள். அது இரண்டு முனையும் தேய்ந்து நடுவில் புதுசாகவே கிடந்தது.

ஆனி மாசம் ஒரு காலையில் ஜெனோவா சொன்னாள்: "அண்ணா, வால்பாறை போகோணும். என் ஜீப்புக்கு நீங்களே பிளேடு மாட்டுங்க."

அந்த ஜீப்பை வேறொருத்தர் தொட அவள் விட்டதே கிடையாது. வால்பாறையில் புதுக்கடை திறக்கப் போகிறாள். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று இன்னும் சொல்லவில்லை. திருமலைசாமிக்கு அந்தக் கடை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ராத்தூக்கம் கெடுகிற அளவுக்கு வேண்டும்.

எடுத்த எடுப்பில், இருப்பதிலேயே விலை கூடிய சிலிக்கான் பிளேடை எடுத்தார். சட்டமில்லாத ரகம். மாட்டித் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு பட்டை ஈரம் அப்படியே நிற்கிறது. ஜீப்புக்குத் தட்டைக் கண்ணாடி. டிரம்மில் பார்த்தும் புத்தி வரவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு கழற்றினார். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று தரம் கழுவினார். பிறகு இரும்புச் சட்டம் வைத்த சாதா ரப்பர் பிளேடை மாட்டினார். எந்தக் கடையிலும் தொங்குகிற சரக்குதான்.

ஆழியாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏற நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஜெனோவா எஸ்டேட் கதையெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினாள். பிளேடைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் இருந்தவரோ பிளேடைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சத்தமில்லாமல் துடைத்துக்கொண்டு போய்வந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கல்கத்தா போய்வந்த நாளில்கூட அப்படிப் பெருமைப்பட்டதில்லை.

புதுக்கடை வாசலில் ஜீப் நின்றது. அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க வாத்தியாரம்மா, பிளேடு எப்படி இருந்துச்சுங்க?"

ஜெனோவா கடைச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பிளேடா? நான் பாக்கவே இல்லீங்கண்ணா. வழி முச்சூடும் எனக்கு ரோடுதான் தெரிஞ்சுது."