அவரைக்கொடிக்கு நான் சாட்சி

கீழப்புளிச்சிகுளம் திரவியம் சாரைப் பொய் சொல்கிறவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பொய்க்கு ஓர் அளவு உண்டு. அவர் அவிழ்த்துவிடுவதற்கு அது கிடையாது. இருபது வருஷமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறார். எங்கள் வட்டாரத்தில் எந்தப் பயிற்சி நடந்தாலும் சாப்பாட்டு வேளையில் அவரைச் சுற்றித்தான் கூட்டம். காலையிலிருந்து தூங்கியவர்கள்கூட அதற்கு முழித்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு நடந்தது ‘செய்து பார்த்துக் கற்போம்’ என்ற இரண்டு நாள் பயிற்சி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலைக் கையால் செய்ய வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் விஷயம். முதல் நாள் முழுவதும் பயிற்றுநர் கோமளவல்லி மேடம் அதைத் திரையில் போட்டு வாயாலேயே சொல்லிக்கொடுத்தார். நாங்கள் பன்னிரண்டு வாத்தியார்களும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டோம்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. வந்ததும் வராததுமாக மேடம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“திங்கக்கிழமை மாவட்ட அதிகாரி வர்றாங்க. நாப்பது பிள்ளைங்களை உக்கார வச்சு, அவங்க முன்னால உங்கள்ல ஒருத்தர் மாதிரி வகுப்பு எடுக்கணும். யாருன்னு சாயங்காலம் சொல்லுதேன்.”

அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டோம். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியில் எவன் வாயைத் திறக்கிறானோ அவன் தலையில்தான் வேலை. போன வருஷம் “ஃபேன் சத்தம் போடுது மேடம்” என்று சொன்ன பாவத்துக்கு, பீர்மைதீன் சார் இன்றுவரை இந்தப் பயிற்சி மையத்தின் மின்சாதனப் பொறுப்பாளர்.

அதிலும் ஒன்றாம் வகுப்பு. காந்தம் கொடுத்தால் நக்கிப் பார்க்கும். விதை கொடுத்தால் மூக்கில் போட்டுக்கொள்ளும். அதிகாரியைக் காட்டி “இவங்க யாரு தெரியுமா?” என்று கேட்டால், தெரியாது என்று உள்ளதைச் சொல்லும்.

எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. திங்கட்கிழமை ராஜபாளையத்தில் என் மகளுக்கு வளைகாப்பு. முடித்துக் கையோடு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். வேன் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு நான் இல்லாவிட்டால் என் வீட்டுக்காரி மன்னித்தாலும் சம்பந்தியம்மாள் மன்னிக்கமாட்டாள். ஆகவே அன்று முழுக்க இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் மரிய புஷ்பம் டீச்சர்தான் ஆரம்பித்தாள்.

“கொட்டாங்குச்சியில பஞ்சு போட்டுப் பச்சைப்பயறு வச்சு மூணு வாரம் ஆச்சு. பிள்ளைங்க பாசத்துல மணிக்கொருக்கா தண்ணி ஊத்தி அழுக வச்சிட்டுதுங்க. ஒண்ணாவது முளைக்கணுமே.”

திரவியம் சார் முருங்கைக்காயை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார்.

“பச்சைப்பயறா? அது எல்லாரும் வைக்கது. நான் அவரை வச்சேன். அதுவும் எப்படி? பிள்ளைங்களைச் சுத்தி உக்கார வச்சு, ‘முளைக்கலைன்னா உனக்கும் வீட்டுப்பாடம்’னு வெதைகிட்ட சொல்லச் சொன்னேன். கேட்டுக்கிடுங்க, சொல்லி வாய மூடலை, பொடுக்குன்னு வந்துட்டு.”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கேவாவது! வருகைப்பதிவு எடுக்கதுக்குள்ள மூணு இலை. சத்துணவு மணி அடிக்கையில கூரைக்கு மேல போயிட்டு. சாயங்காலம் பார்த்தா, பக்கத்தூர்க் கோயில் கோபுரத்துல பூத்திருக்கு. தர்மகர்த்தா வந்து ‘காய் எங்களுக்கா உங்களுக்கா’ன்னு சண்டை. அந்த ஒத்தைக் கொடியில காய்ச்சதை வச்சு நாலு பள்ளிக்கூடத்துக்கு ஆறு மாசம் சாம்பார் பாத்துக்கிடுங்க.”

“ஆறு மாசம் அவரைக்கா சாம்பாரா? பிள்ளைங்க பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிருக்குமே சார்” என்றார் பீர்மைதீன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன், மூலை மேஜையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோமளவல்லி மேடம் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்திருந்தார். நோட்டில் ஏதோ எழுதுகிறார். எட்டிப் பார்த்தேன். ‘அவரை - திரவியம்’.

எனக்கு ஞானோதயம் பிறந்துவிட்டது. இந்த மனுஷர் தானாகவே வந்து தலையைக் கொடுக்கிறார், நாம் ஏன் சிரித்துக் கெடுக்கவேண்டும்? இவர் பேச்சில் கொஞ்சம் நம்பிக்கை மட்டும் சேர்த்துவிட்டால் போதும், திங்கட்கிழமை ராஜபாளையம் நிச்சயம்.

“சிரிக்காதீங்க சார்” என்றேன், மேடத்துக்குக் கேட்கும்படி. “கோபுரம் கீபுரம்னு அண்ணாச்சி கொஞ்சம் கூட்டிச் சொல்லுதாரு. ஆனா கொடி கூரை வரைக்கும் போனது நெசம். கார்த்திகை மாசம் அந்தப் பக்கம் போனப்ப நானே பார்த்தேன். பிள்ளைங்க தெனமும் நூலை வச்சு அளந்து, சுவத்துல ஒரு கோடு போட்டிருந்துச்சு. லீவு நாளைக்கு மட்டும் கோடு இல்ல. ‘சனி ஞாயிறு வளரலையா?’ன்னு கேட்டேன். ‘வளந்துச்சு, நாங்கதான் பாக்கலை’ன்னு ஒரு பிள்ளை சொல்லுது.”

திரவியம் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் சாட்சி நான். மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் பீர்மைதீனை முழங்கையால் இடித்து, கண்ணால் மூலை மேஜையைக் காட்டினேன். கெட்டிக்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார். அவர் மரிய புஷ்பத்தைப் பார்த்தார், அவள் அடுத்தவரைப் பார்த்தாள். ஒரு வாய்ச் சோறு விழுங்குவதற்குள் அந்த அறையில் சந்தேகப் பிராணி ஒன்றுகூட இல்லை. வருஷக்கணக்காக அவரைக் கிண்டல் பண்ணியவர்கள் எல்லாரும் பக்திப் பரவசத்தோடு பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

“அந்தக் காந்தம் சமாச்சாரத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் பீர்மைதீன். அப்படி ஒரு சமாச்சாரம் இருப்பது அவருக்கும் தெரியாது, திரவியம் சாருக்கும் அந்த நிமிஷம் வரை தெரியாது.

“அதை ஏன் கேக்கீங்க! ஆணியைக் காந்தத்துல நாப்பது தடவை ஒரே பக்கமாத் தேய்ச்சா ஆணியும் காந்தமாயிரும்னு பிள்ளைங்ககிட்ட சொன்னேன். அதுங்களுக்கு எண்ணத் தெரிஞ்சது இருபது வரைக்கும்தான். இருபது முடிஞ்சா மறுபடி ஒண்ணுலேருந்து. நானும் சம்பள விஷயமா வெளிய போயிட்டேன். மறுநாள் வந்து பார்த்தா அப்பவும் தேய்ச்சுக்கிட்டு இருக்குதுங்க. எங்க ஊர் நிறுத்தத்துல டவுன் பஸ் நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்லா? மூணு வருசம் மனு கொடுத்தோம், மறியல் பண்ணினோம், நின்னுதா? அன்னைக்குச் சர்ருன்னு போன பஸ்ஸு, பள்ளிக்கூட வாசல்ல வந்து பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்காரு, மிதிக்காரு, சக்கரம் சுத்துது, பஸ் நகரலை.”

“அந்தப் பஸ்ஸுல நானும் இருந்தேன்” என்றார் பீர்மைதீன், கண்ணிமைக்காமல்.

“அப்புறம் எப்படி சார் விடுவிச்சீங்க?” என்று மரிய புஷ்பம் கவலையாகக் கேட்டாள்.

“நாலு நிறுத்தம் தள்ளி இறங்கவேண்டிய நம்ம ஊர்க்காரங்க எல்லாம் இறங்கின பிறகு, ஆணியைப் பிள்ளைங்க கையிலேருந்து வாங்கி மண்ணுக்குள்ள புதைச்சேன். இப்பவும் அந்த இடத்துல செருப்பைக் கழட்டிட்டுத்தான் நடக்கணும். லாடம் அடிச்ச மாடு அந்தப் பக்கம் வராது.”

மூலையில் பேனா ஓடியது. நான் விடவில்லை.

“பஸ் கதை எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பிள்ளைங்க மணலுக்குள்ள காந்தத்தை விட்டு எடுத்து, ஒட்டுன கருப்புத் தூளைக் காகிதத்துல கொட்டி வச்சிருந்ததை நான் பார்த்தேன். ‘எது ஒட்டும், எது ஒட்டாது’ன்னு ரெண்டு கூடை. ஒரு பிள்ளை தன் தோட்டைக் கழட்டி ஒட்டாத கூடையில போட்டிருந்துச்சு. அம்மா வந்து அழுத பிறகுதான் தெரிஞ்சுது.”

திரவியம் சாருக்கு இப்போது சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. பாதிச் சோற்றோடு எழுந்து நின்றுவிட்டார்.

“நிழல்! நிழலைச் சொல்லுதேன் கேளுங்க. காலையில பத்து மணிக்குக் கொடிக்கம்பத்து நிழலைச் சுத்திச் சாக்பீஸால கோடு போடுங்கன்னு சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைங்க என்ன அழுத்து அழுத்தும்! போட்ட கோட்டுக்குள்ள நிழல் மாட்டிக்கிட்டு. அங்கிட்டும் நகரமுடியலை, இங்கிட்டும் நகரமுடியலை. நிழல் நகராம சூரியன் எப்படி நகரும்? எங்க ஊர்ல மூணு நாள் மணி பத்துதான். பதினோரு மணிக்குப் பார்வையிட வந்த ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துட்டு, ‘சர்வீஸ்ல இன்னைக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்கேன்’னு அழுதுட்டாரு.”

“அழுதாரா?”

“தேம்பித் தேம்பி. கடைசியில நான்தான் ஈரத்துணியால கோட்டை ஒரு ஓரமா அழிச்சு வழி விட்டேன். மூணு நாள் அடைபட்டுக் கிடந்த சூரியன் பாருங்க, ஒரே ஓட்டம். அன்னைக்கு மட்டும் மத்தியானம் நாலு தடவை வந்துது. நாலு தடவையும் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டோம்.”

மேடம் இருமினார். சிரிப்பை அடக்கினாரா, தயிர்சாதம் புரையேறியதா என்று தெரியவில்லை. ‘சூரியன் அடைபட்டான்’ என்பதை எழுதிக்கொண்டு போய் எந்த அதிகாரியிடமும் காட்டமுடியாது. என் வளைகாப்பு கண்ணெதிரே நழுவிப் போவது தெரிந்தது. பதறிப்போய்க் குறுக்கே விழுந்தேன்.

“அண்ணாச்சி விளையாட்டுக்குச் சொல்லுதாரு டீச்சர். அவர் செஞ்சது என்னன்னா, பத்து மணிக்கு ஒரு கோடு, பன்னெண்டுக்கு ஒரு கோடு, மூணு மணிக்கு ஒரு கோடு. ஒவ்வொண்ணும் வேற கலர். காலையில நீளமா இருந்த நிழல் மத்தியானம் எங்க போச்சுன்னு கேட்டாரு. ‘சாப்பிடப் போச்சு’ன்னு ஒண்ணு சொல்லுச்சு. ‘இல்ல சார், காலுக்குக் கீழ ஒளிஞ்சிருக்கு’ன்னு இன்னொண்ணு சொல்லுச்சு. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னாரு. நான் வாசல்ல நின்னு பார்த்தேன்.”

இதில் ஓர் எழுத்துகூட உண்மை இல்லை. கீழப்புளிச்சிகுளம் பள்ளிக்கூட வாசலை நான் பார்த்ததே கிடையாது. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே அந்தப் பிள்ளையின் முகம் தெரிந்தது. ரெட்டைச் சடை, முன்பல் இல்லை. என்னை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

திரவியம் சார் கடைசியாக எரிமலைக்கு வந்தார். களிமண்ணில் மலை செய்து, நடுவில் ஆப்ப சோடா போட்டு, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாராம். ஒரு பழம் போதாது என்று பிள்ளைகள் ஊரில் இருந்த திருஷ்டி எலுமிச்சை முழுவதையும் அவிழ்த்துக்கொண்டு வந்து பிழிந்துவிட்டார்களாம். பொங்கிய பொங்கலில் ஊர் அப்படியே எண்ணூறு அடி மேலே போய்விட்டதாம்.

“இப்ப எங்க ஊர்ல சித்திரை மாசமும் கம்பளிதான். குத்தாலத்துக்குப் போறவங்க எல்லாம் இங்க வர்றாங்க.”

“பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று மரிய புஷ்பம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அதுங்களுக்கு என்ன? ‘இன்னொருக்கா செய்வோம் சார்’னு சொல்லுதுங்க.”

பன்னிரண்டாவது ஆள் தவிரப் பதினொரு பேரும் கைதட்டினோம். அந்தப் பன்னிரண்டாவது ஆள் நின்றபடியே கும்பிட்டார்.

சாயங்காலம் நாலரைக்கு மேடம் நோட்டைத் திறந்தார். எல்லார் முகத்திலும் நிம்மதி. சிலர் பையைத் தோளில் மாட்டியாகிவிட்டது. நான் மனசுக்குள் வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

“திங்கக்கிழமை மாதிரி வகுப்பு” என்று மேடம் வாசித்தார், “பொன்னுதுரை சார்.”

பொன்னுதுரை நான்தான்.

“மேடம்! சோதனை எல்லாம் செஞ்சது திரவியம் அண்ணாச்சி!”

“ஆமா மேடம்” என்றார் திரவியம் சார், பெருந்தன்மையாக. “ஆனா பொன்னுதுரை அதை எல்லாம் பக்கத்துல இருந்து பார்த்தவரு. நல்லா எடுப்பாரு.”

இனி மானம் மரியாதை பார்த்துப் புண்ணியம் இல்லை.

“மேடம், அவர் சொன்னது அம்புட்டும் புளுகு! அந்தப் பள்ளிக்கூடத்துல அவரைச் செடியே கிடையாது!”

“அப்படியா? அப்ப கார்த்திகை மாசம் நீங்க பார்த்த கொடி?”

நான் பீர்மைதீனைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

“திங்கக்கிழமை என் மகளுக்கு வளைகாப்பு மேடம்” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். பத்துப் பேரும் சேர்ந்தாற்போலச் சிரித்தார்கள். திரவியம் சார் மட்டும் சிரிக்கவில்லை. “இதைக் கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லியிருக்கலாம் தம்பி” என்று என் தோளைத் தட்டினார்.

மேடம் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“திரவியம் சார் புளுகுதாருன்னு எனக்குத் தெரியாதா சார்? இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மூணு நாள்ல ஒரு செடியும் முளைக்காது, ஒரு பிள்ளையும் எதையும் கத்துக்காது. ஆனா வருசம் பூரா செஞ்ச மாதிரி அதிகாரிக்குக் காட்டணும். அதுக்குப் புளுகுற ஆள் ஆகாது சார். பொய் சொல்லத் தெரிஞ்ச ஆள் வேணும்.”