இடது பக்கம் ஓடும் தட்டு

“டீச்சர், இனிமே நான் ஆட வரலைங்க.”

சொன்னவர் பரஞ்சோதி. வயது அறுபத்திரண்டு, தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றவர். கேட்டுக்கொண்டிருந்த ஷைலாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஏற்காட்டு மலையில் தட்டு வீசக் கற்றவர்களுக்கெல்லாம் அவள்தான் குரு. வித்தைக்கு வயசு ஏது?

ஆட்டம் சுலபம். ஒரு பிளாஸ்டிக் தட்டை மரங்களுக்கு நடுவே வீச வேண்டும். தூரத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் அது விழ வேண்டும். குறைந்த வீச்சில் விழவைப்பவருக்கு வெற்றி. சொல்லத்தான் சுலபம்.

பரஞ்சோதியின் பழைய ஆரஞ்சுத் தட்டு போன வாரம் ஏரியில் விழுந்து மூழ்கிவிட்டது. உலகத்தில் அவர் பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான். மனிதர் நொந்துபோயிருந்தார்.

“அதே மாதிரி வேற வாங்க வேண்டியதுதானே சார்?”

“ரெண்டு வாங்கினேங்க. அதே கம்பெனி, அதே எடை, அதே கலர். வீசினா கடைசியில இடது பக்கம் ஓடி காப்பிச் செடிக்குள்ள விழுது. ரெண்டுமே அப்படித்தான். இப்பல்லாம் எவனும் ஒழுங்கா செய்யறதில்ல, டீச்சர்.”

“பழசு?”

“நூல் பிடிச்ச மாதிரி போகும்.”

வீசும் இடத்தில் நின்றபடியே ஷைலா அவர் கையிலிருந்த புதுத் தட்டை வாங்கித் திருப்பினாள். விளிம்பெல்லாம் கீறல்.

“என்ன சார் இது?”

பரஞ்சோதி தலையைச் சொறிந்தார்.

“உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சேங்க. பழசு மாதிரி ஆகட்டும்னு.”

“ஆச்சா?”

“இப்ப பாதி வழியிலயே குப்புற விழுது.”

“சேலத்துக்காரரு நீங்க. கல்லு வெச்சுப் பழுக்க வெச்ச மாம்பழத்த வாயில வெப்பீங்களா?”

அவருக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது.

“ஞாயித்துக்கிழமை போட்டிங்க. போன தடவை கோப்பை வாங்கினவன் நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கறது? இதையும் விட்டுட்டா நாள் முச்சூடும் டிவி முன்னாடிதான் உக்காரணும்.”



ஷைலா தட்டின் கீறலை விரலால் தடவினாள்.

“பழசு, வாங்கின புதுசுல எங்க போச்சு சார்?”

பரஞ்சோதிக்கு அந்த முதல் வருஷம் நினைவுக்கு வந்தது. இந்த மலையில் அது முட்டாத மரம் இல்லை. முட்டி முட்டி விளிம்பு தேய்ந்த பிறகுதான் நேராகப் போக ஆரம்பித்தது.

“மரத்துல போச்சுங்க.”

“யாரு அடிச்சது?”

“நான்தான். வீசத் தெரியாம.”

“இப்ப?”

“இப்பல்லாம் நான் மரத்துல அடிக்கறதில்லைங்களே.”

பெருமையாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் ஷைலாவின் கையிலிருந்த கீறல் விழுந்த தட்டைப் பார்த்தார்.

ஷைலா அவருடைய பையிலிருந்து தேய்க்காத தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இத வெச்சு ஆடினா ஞாயித்துக்கிழமை தோத்துருவேன், டீச்சர்.”

“தோத்துருவீங்க.”

“அப்புறம் எப்பத்தான் இது நேரா போகும்?”

அவள் கூடை இருந்த பக்கம் போகாமல் இடது பக்கச் சரிவில் இறங்கினாள். தட்டு ஓடிப்போய் விழும் காப்பிச் செடிகளுக்குள் இடுப்பளவு புகுந்து, அவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“வீசுங்க சார்!”