பாதி மறைத்த கண்ணாடி

கரூர் புறவழிச்சாலையில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தில் மெஹர்பானு புகை கண்டுபிடிக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். வயது முப்பத்திரண்டு. அவளுடைய சீடர் செங்கோடனுக்கு ஐம்பத்தாறு. முப்பது வருடம் வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர், இந்த வேலை கற்க மாசியில்தான் அவளிடம் சேர்ந்தார். எல்லோரிடமும் அவளை 'எங்க குரு' என்பார்.

மண்டபத்தின் முதல் கல்யாணம் அவருடைய மகள் பூவிழிக்கு. நாளை மறுநாள். இன்று மதியம் தீயணைப்பு அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்கும்.

இவ்வளவு பெரிய கூடத்துக்கு ஒரே பெட்டி எப்படிக் காவல் என்று காலையில் செங்கோடன் கேட்டார். பெட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி போய், எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். எந்த மூலையில் புகை எழுந்தாலும் மேலே பரவி அந்த ஒளியை மறைக்கும் என்றாள்.

அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் அதைச் சோதித்துப் பார்க்க அவர் சாரத்தில் ஏறினார். சாப்பாட்டுத் தட்டால் கண்ணாடியை முழுவதுமாக மூடினார். அறுபது வரை எண்ணினார். சைரன் ஒலிக்கவில்லை. கீழே கருவியின் கட்டுப்பாட்டுப் பேனலில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது.

மெஹர்பானு திரும்பி வந்தபோது அவர், கண்ணாடியை மூடியும் மஞ்சள் விளக்குதான் எரிகிறது, அதிகாரி கையெழுத்துப் போடமாட்டார் என்று மனைவியிடம் வேறு மண்டபம் தேடச் சொல்லிப் போனில் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு மஞ்சள் விளக்குக்குக் கல்யாணத்தையே இடம் மாத்துறீங்களாண்ணே?" என்றாள்.

அட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். சட்டைப் பையிலிருந்து மகளின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். அவள் சாரத்தில் ஏறி, அதைக் கொண்டு கண்ணாடியில் பாதியை மட்டும் மறைத்தாள்.

பத்து எண்ணுவதற்குள் சைரன் அலறியது. சமையல்காரர்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள். ஜீப்பை விட்டு அப்போதுதான் இறங்கிய அதிகாரி படியிலேயே நின்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்துக் கையெழுத்தும் போட்டார்.

செங்கோடன் மனைவியிடம் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனாலும் விடவில்லை.

"முழுசா மறைச்சேன், சும்மா இருந்துச்சு. நீங்க பாதி மறைச்சீங்க, ஊரையே கூட்டிருச்சு. இது என்ன நியாயம், குரு?"

மெஹர்பானு பத்திரிகையில் ஒட்டிய தூசியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"முழுசா மறைஞ்சா யாரோ குறுக்க வந்துட்டாங்கன்னு அதுக்குத் தெரியும். விலகச் சொல்லி மஞ்சளைக் காட்டும். நெருப்பு அப்படி வராதுண்ணே. முதல்ல கொஞ்சமா மங்கும். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் கத்தணும்."