விழுந்த மரத்துக்குச் சொந்தக்காரர் இல்லை

முன்னொரு காலத்தில், கடற்கரையிலிருந்து நடந்தால் கால் வலிக்கத் தொடங்குகிற தூரத்தில், நெட்டோடை என்று ஓர் ஊர் இருந்தது. நல்ல ஊர்தான், குறை சொல்லக் கூடாது. அந்த ஊரில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. அதற்கு மூன்று சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அதுதான் கொஞ்சம் தொல்லை.

ஊர் மழைநீரெல்லாம் ஓர் ஓடை வழியாகத்தான் கடலுக்குப் போகும். அந்த ஓடைக்கரையில் மரம் நின்றது.

"என் வயல் ஓரத்தில் நிற்கிறது. என் மரம்" என்பார் உழவர் செங்கோடன்.

"என் பாட்டன் நட்டது. என் மரம்" என்பார் செக்காட்டும் ஆவுடையப்பன்.

"படகுக்கு ஆகும் என்று கன்றிலேயே பார்த்து வைத்தவன் நான். என் மரம்" என்பார் தச்சர் பூவராகன்.

பூ உதிர்ந்தால் மூன்று கூடைகள் வரும். கொட்டை விழுந்தால் மூன்று கூடைகள் வரும். நிழல் விழுந்தால் மூன்று கயிற்றுக் கட்டில்கள் வரும்.

ஓர் ஐப்பசி மாதம் அந்த ஊருக்குப் புயல் வந்தது. கூரைகளைப் பிய்த்து எறிந்தது. வாழைகளை ஒன்று விடாமல் சாய்த்தது. போகிற போக்கில் இலுப்பையை வேரோடு பிடுங்கி ஓடைக்குக் குறுக்கே படுக்க வைத்துவிட்டுப் போனது.

காற்று நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. கூரை ஓலையும் வாழை மட்டையும் செத்தையும் மரத்தில் வந்து சேர்ந்து ஓடையை அடைத்துக்கொண்டன. மேட்டு வயல் வெள்ளமெல்லாம் ஊருக்குள் திரும்பியது. எல்லோரும் கோயில் மண்டபத்தில் ஏறி, பொதுவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள்.

ஒரு வீட்டார் மட்டும் வரவில்லை. பானை வனையும் வேம்பாயியின் வீடு அது. ஊரிலேயே பள்ளமான இடம். அவள் மகள் செல்லிக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. உடம்பு காய்ச்சலில் கொதித்ததால் அவளை வெள்ளத்தில் தூக்கி வர முடியவில்லை. பரணில் படுக்க வைத்து, குழந்தையை விட்டத்தில் தூளி கட்டிப் போட்டிருந்தாள் வேம்பாயி.

முதல் நாள் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. தூளியை ஒரு சாண் உயர்த்தினாள். இரண்டாம் நாள் முழங்காலைத் தொட்டது. இன்னொரு சாண் உயர்த்தினாள். மூன்றாம் நாள் காலையில் இடுப்பைத் தொட்டது. அண்ணாந்து பார்த்தாள். உயர்த்துவதற்கு இனி இடமில்லை.

அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். வைரம் பாய்ந்த இலுப்பை அரிவாளுக்கு அசையுமா? நாலு கொம்பு வெட்டியதும் அரிவாள்தான் மழுங்கியது. அதனால் மரத்தை விலக்கித் தரச் சொல்லிச் சொந்தக்காரர்களைத் தேடிப் போனாள்.

செங்கோடன் தொழுவத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நிற்கிற வரைக்கும் என் நிலத்தில் நின்றது, சரி. விழுந்தது ஓடையில் அல்லவா? விழுந்த மரத்துக்கு நான் என்ன செய்வேன்? ஆவுடையப்பனைக் கேள்."

ஆவுடையப்பன் எண்ணெய்க் குடங்களை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். "பாட்டன் நட்டார் என்று சொன்னேன், மறுக்கவில்லை. ஆனால் தாயி, அவர் பிறந்ததிலிருந்து மண்வெட்டியைத் தொட்டதில்லை என்றும் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் நட்டிருக்க மாட்டார். பூவராகனைக் கேள்."

பூவராகன் கூரை மேல் இருந்தார். இறங்காமலே பேசினார். "பார்த்து வைத்தால் சொந்தமாகிவிடுமா? அப்படியானால் நிலா எனக்கு எப்போதோ சொந்தம். செங்கோடனைக் கேள்."

கெட்ட மனிதர்கள் இல்லை, அவர்களுக்கும் வேலை இருந்தது. நம் வீட்டு வேலை இருக்கும்போது ஊர் வேலை யாருடையது என்று நமக்கே குழப்பம் வரும் இல்லையா, அப்படித்தான்.

கஞ்சி வேளைக்கு வேம்பாயி மண்டபத்துக்கு வந்தாள். ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ஒரு கலயம் கஞ்சி வாங்கிக்கொண்டு நடுவில் நின்றாள்.

"செங்கோடண்ணே, அது உங்கள் மரமா?"

"இல்லை."

"ஆவுடையண்ணே, உங்கள் மரமா?"

"இல்லை தாயி."

"பூவராகண்ணே?"

"இல்லவே இல்லை."

"நல்லதாகப் போயிற்று" என்றாள் வேம்பாயி. "யாருக்கும் வேண்டாததை நான் எடுத்துக்கொள்கிறேன். அவசரமில்லை, அது அங்கேயே கிடக்கட்டும். கோடையில் காய்ந்ததும் துண்டு போட்டுச் சூளையில் வைத்தால், மூன்று வருஷத்துக்குப் பானை வேகும்."

மூன்று பேரும் கஞ்சிக் கலயத்தோடு எழுந்துவிட்டார்கள்.

"சூளைக்கா?" என்றார் பூவராகன். "அந்த அடிமரத்தில் இரண்டு படகு இருக்கிறது."

"புதுச் செக்குக்கு நான் எங்கே போவேன்?" என்றார் ஆவுடையப்பன்.

"என் நுகத்தடி ஒடிந்து கிடக்கிறது" என்றார் செங்கோடன்.

"அண்ணே, உங்கள் மரமா?"

"இல்லை, ஆனால்…"

"இல்லையென்றால் ஆனால் என்ன?"

அவள் குரலில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் பள்ளத்துப் பக்கமே போனது. குடிக்காத கலயத்தைக் கீழே வைத்தாள். மண்டபத்திலிருந்து பார்த்தால் அவள் வீட்டுக் கூரையும் பாதிச் சுவரும்தான் தெரிந்தன.

"சரி, ஊரைப் பகைத்துக்கொண்டு நான் பானை விற்க முடியுமா? பொழுது சாய்வதற்குள் யார் எவ்வளவு வெட்டிக் கரையேற்றுகிறீர்களோ, அது அவருக்கு. ஓடைக்குள் மிஞ்சுவதெல்லாம், செத்தை வரைக்கும், எனக்கு."

அவள் சொல்லி முடிக்குமுன் மண்டபம் காலியாகிவிட்டது. காலையில் நேரமில்லாதவர்களுக்கு நேரம் வந்தது. பூவராகன் கூரையைப் பாதியில் விட்டு ரம்பத்தோடு வந்தார். ஆவுடையப்பன் செக்கு மாட்டை ஓட்டி வந்தார். செங்கோடன் மூன்று மைத்துனர்களைக் கூட்டி வந்தார். அவர்களோடு அவருக்கு மூன்று வருஷமாகப் பேச்சில்லை. வெட்டினார்கள், அறுத்தார்கள், இழுத்தார்கள். விட்டால் வேம்பாயிக்குப் போய்விடுமே என்று இலையைக்கூட வாரினார்கள். செத்தையைக்கூட அள்ளினார்கள்.

வெயில் சாயும்போது கடைசித் துண்டு கரையேறியது. ஓடை பெரிய சத்தத்தோடு திறந்துகொண்டது.

"வேம்பாயி, உனக்கு ஒரு குச்சிகூட மிஞ்சவில்லையே" என்றார் பூவராகன், சேறு அப்பிய முகத்தோடு.

"ஆமாம் அண்ணே, ஏமாந்துபோனேன்" என்றாள் அவள்.

வீட்டுக்குப் போனாள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. தூளியில் குழந்தை நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. செல்லியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் தணிந்து வியர்த்திருந்தது. வேம்பாயி பரண் ஏணியில் உட்கார்ந்து, மூன்று நாளில் முதல் முறையாக அழுதாள்.

மறுநாள் பூவராகனுக்குக் கஞ்சி ஊற்றிய மனைவி, "நம் கூரை ஒழுகுகிறது. நேற்று கஞ்சிக்குப் பிறகு யார் வீட்டு வேலை செய்தீர்கள்?" என்று கேட்டாள். வேம்பாயி வீட்டு வெள்ளத்தைத்தான் வடித்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கக் கஞ்சி தீரும் வரை ஆயிற்று. பிறகு போய் மற்ற இருவருக்கும் விளக்கினார். மூன்று பேரும் ஆளுக்கொரு விறகுக் கட்டைத் தலையில் வைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், வேம்பாயி வீட்டுக்கு நடந்தார்கள்.

அவள் இடிந்த சுவரடியில் மண் குழைத்துக்கொண்டிருந்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

"விறகை அந்த மூலையில் போடுங்கள் அண்ணே" என்றாள். "கை சும்மாதானே இருக்கிறது, இந்தச் சுவரையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்."

மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள்.

கேட்டவர்களே, பலன் வரும்போது 'என்னுடையது' என்று முந்துகிற வாய், பாரம் வரும்போதும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கதையின் நீதி.