சேந்தன் நண்டின் வலக்கை

அந்தக் காலத்தில் கழிமுகத்து உயிர்கள் எல்லாம் பேசும். விசேஷம் என்றால் சட்டையும் போட்டுக்கொள்ளும். தைத்துக் கொடுப்பவள் தையல்சிட்டு. ஆற்றின் மேற்கே இருந்து புதிதாக வந்து கண்டல் மரத்தில் கடை போட்டிருந்தாள். கைவேலை சுத்தம்.

அப்போது நண்டுகளுக்கு இரண்டு கையும் ஒரே அளவுதான். சேந்தன் ஒருவனுக்கு மட்டும் வலக்கை தனியாகப் பெருத்துக் கிடந்தது. பெண்டாட்டி போன பிறகு மகள் நீலியை அவன் ஒண்டியாகவே வளர்த்தான். ஒவ்வொரு வெள்ளமும் வளையை மூடிவிட்டுப் போகும். அவன் வலக்கையாலேயே மறுபடி தோண்டுவான். தோண்டித் தோண்டிப் பெருத்த கை அது. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் நம்மாளுக்கு அது மானப்பிரச்சினை. யாராவது வந்தால் கையைச் சேற்றுக்குள் புதைத்துக்கொள்வான். மகளின் நிச்சயதார்த்தத்தன்றுகூட அப்படியே புதைத்தபடி உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டினான்.

கல்யாணம் நெருங்கியதும் அளவெடுக்கச் சிட்டு வளைக்கே வந்தாள். சேந்தன் இடக்கையை மட்டும் நீட்டினான். அவள் அதில் ஒரு வாழைநாரைச் சுற்றி, அளவுக்கு முடிச்சுப் போட்டாள்.

“கை முனைக்கு என்ன வைக்கட்டும் அண்ணே? பட்டியே இல்லாமத் தொளதொளன்னு விடலாம். அகலமா மடிச்சுவிட்ட பட்டி இருக்கு. ஒத்தப் பட்டன் போட்ட இறுக்கப் பட்டியும் இருக்கு.”

“கொக்கு போட்டுக்கிட்டுத் திரியுதே, அதுதான் வேணும்.”

“அது இறுக்கப் பட்டி. கொக்குக்குக் குச்சிக் கை, நிக்கும். உங்களுக்கு மடிச்ச பட்டிதான் தோதுப்படும்.”

“எனக்கு மட்டும் என்ன கொறச்சல்? இறுக்கமாவே வை.”

“சரி, அந்தக் கையையும் காட்டுங்க. இறுக்கப் பட்டிக்கு ரெண்டு கையையும் அளக்காம நான் துணியில அலகு வைக்க மாட்டேன்.”

சேந்தன் வலக்கையைச் சேற்றுக்குள் இன்னும் ஆழமாக அழுத்தினான். “ரெண்டும் ஒரே அளவுதான். சேறா இருக்கு, விடு தாயி. போட்டுப் பாக்கவும் வேணாம், கல்யாணத்தன்னிக்குக் கொண்டு வந்தாப் போதும்” என்றான்.

சிட்டு கொஞ்சம் தயங்கினாள். மகளைக் கட்டிக்கொடுக்கிற மனிதர் பொய்யா சொல்லப்போகிறார் என்று எண்ணி, அதே முடிச்சுக்கு இரண்டு பட்டியும் வெட்டிவிட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் சட்டை வந்தது. இடக்கை அளவெடுத்தாற்போல் நின்றது. வலக்கை பாதி தூரம் போய்ப் பட்டியில் சிக்கிக்கொண்டது. முன்னேயும் வரவில்லை, பின்னேயும் வரவில்லை. வெளியே மேளம் கொட்டத் தொடங்கிவிட்டது. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பந்தலுக்குப் போனான்.

பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டிய நேரம் வந்தது. அப்பன்தான் வைக்க வேண்டும், அதுவும் வலக்கையால்.

“கையை நீட்டுங்க சம்பந்தி” என்றார்கள்.

நீளவில்லை. சட்டைக்குள் ஏதோ உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்தது. கரை முழுக்க அவனையே பார்த்தது.

“கைக்கு என்னாச்சு?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

அந்த நேரத்தில்தான் சேந்தன் வாயைத் திறந்து கெட்டான். “எனக்கு ஒண்ணுமில்ல. இந்தச் சிட்டுக்கு அளவெடுக்கத் தெரியல. என் சட்டையக் கெடுத்துட்டா.”

எல்லோரும் பந்திக்குப் பக்கத்தில் இருந்த சிட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பதில் சொல்ல அலகைத் திறந்தாள். சேந்தனின் துருத்திய கண்கள் இரண்டும் அவளைக் கெஞ்சின. மணக்கோலத்தில் நின்ற நீலியையும் ஒருமுறை பார்த்தாள்.

“ஆமா, என் தப்புதான்” என்றாள்.

பறந்து வந்து பட்டியின் தையலை நுனி அலகால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கை வெளியே வந்தது. யாரும் சிரிக்கவில்லை. “அடேயப்பா, எவ்வளவு உரமான கை! இதை எதுக்கு மூடிக்கிட்டீங்க?” என்றாள் சம்பந்தியம்மா.

சேந்தன் அந்தக் கையால் மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தான். நீலி தலை நிமிரவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “அப்பா, அவங்க அளக்க வந்தப்போ நான் உள்ளதான் இருந்தேன்.”

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பெற்ற பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கை பெரிது என்பதற்காக ஆயுசு முழுக்க வெட்கப்பட்டதெல்லாம் இந்த வெட்கத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போது தோன்றியது. எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாய் வரை வந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

அளவு தெரியாத சிட்டு என்று பேராகிவிட்டது. அதன்பின் ஒருவரும் அவளிடம் துணி கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் கடையைக் கட்டிக்கொண்டு மேற்கே பறந்தாள். சேந்தன் வளை வாசலுக்கு ஓடிவந்து பெரிய கையைத் தூக்கித் தூக்கி அசைத்தான். “தாயி, திரும்பி வா! சொல்லிடுறேன், எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்!” அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “யாரைக் கூப்பிடுறே, சேந்தா? என்ன சொல்லணும்?” என்று அக்கம்பக்கத்தார் கிட்டே வந்தார்கள். வந்ததுதான் தாமதம், வளைக்குள் புகுந்துகொண்டான்.

அன்று முதல்தான் தையல்சிட்டு யாருக்கும் துணி தைப்பதில்லை. தன் கூட்டுக்கு மட்டும் இலை தைத்துக்கொள்கிறது. அன்று முதல்தான் சேந்தனின் வம்சத்தில் ஆண் நண்டுக்கு ஒரு கை பெருத்தே பிறக்கிறது. நீர் வடிந்ததும் சேற்றில் நின்று அந்தக் கையை உயர்த்தி உயர்த்தி அது கூப்பிடுகிறது. என்னவென்று கேட்க நாம் போனால், சொல்ல வெட்கப்பட்டு வளைக்குள் ஓடிவிடுகிறது.