யாரும் இல்லாத வீட்டின் குதிர்

ஆறுகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலத்தில், மருதபுரி என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே ஒரு வழக்கம். வாசலில் யாராவது வந்து "வீட்டில் யார் இருக்கிறது?" என்று கேட்டால், புருஷன் வெளியே போயிருக்கும் பெண் "யாரும் இல்லைங்க" என்பாள். பதில் சொல்லிக்கொண்டு முன்னால் நிற்கிறாளே, அவள் யாராம்? சிரிக்காதீர்கள். நம் வீடுகளிலும் இதைத்தான் சொல்கிறோம்.

ஒருநாள் பசியோடு வந்த மந்திரவாதிக்கு வீட்டுக்கு வீடு அதே பதில். "யாரும் இல்லாத வீட்டுக்குத் தானியம் எதற்கு?" என்று கோலைத் தட்டினான். தானியம் கொட்டிவைக்கும் மண்குதிர்களுக்கெல்லாம் வாய் முளைத்தது.

அந்த மாதம் உப்பு வாங்கப் போன ஆண்கள் வெள்ளத்தில் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் மனைவி நீலாயி, தன் வீட்டுக் குதிரின் மூடியில் கைவைத்தாள்.

"வீட்டில் யார் இருக்கிறது?" என்றது குதிர்.

"யாரும் இல்லைங்க."

மூடி இறுகிக்கொண்டது.

அவள் மகள் குயிலிக்கு இரண்டு வயது. புருஷன் இருந்தபோதே அவன் அளந்து போட்ட அரிசிதான் அவளுக்குச் சாப்பாடு. "பிள்ளைக்குக் கேழ்வரகும் பயறும் வேணுங்க" என்றால், "உனக்கென்ன தெரியும்" என்பான். இப்போது அந்த அரிசியும் இல்லை. மூன்றாம் நாள் பிள்ளை அவ்வளவு லேசாகி, இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மறுபடி மூடியைத் தட்டினாள்.

"வீட்டில் யார் இருக்கிறது?"

"யாரும் இல்லைங்க."

"அப்போ என்கூடப் பேசுறது பேயா?" என்று குதிர் கெக்கலித்தது.

ஐந்தாம் நாள் காற்றடித்தது. குயிலி பாயிலிருந்து எழும்பி, பஞ்சுபோல் முற்றத்து வானத்தைப் பார்த்து மிதந்தாள். நீலாயி தாவி அவள் கணுக்காலைப் பிடித்தாள். மறுகையால் குதிரை ஓங்கி அறைந்தாள்.

"வீட்டில் யார் இருக்கிறது?"

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. பிடித்திருந்த கால் ஈர்க்குச்சியாய் நழுவியது.

"நான் இருக்கேன்."

"நீ யார்?"

"இவளோட அம்மா. இவளுக்கு எது வேணும்னு தெரிஞ்சவ. திற."

மூடி திறந்தது. ஒரு வாய் கேழ்வரகுக் கூழுக்கு ஒரு சாண் இறங்கினாள் குயிலி. அவள் கால் தரையில் பட்டதும், கரண்டியும் கையுமாக நீலாயி தெருவில் ஓடினாள். வீட்டுக்கு வீடு அந்தப் பதிலையே சொல்லிக்கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் குதிர்கள் எல்லாம் திறந்து, அவற்றின் வாய்கள் மறைந்தன.

வெள்ளம் வடிந்து புருஷன் வந்தான். மகளைத் தூக்கித் தடுமாறினான்.

"என்ன இப்படிக் கனக்குறா?"

"இந்தத் தடவை நான் அளந்தேன்" என்றாள் நீலாயி.