துண்டுக்குள் வந்த கைகள்

எங்கள் பக்கத்து மிளகாய்ச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்கு அடியில் கை கோத்து, விரலைத் தொட்டே விலையை முடிப்பார்கள்.

அங்கே தர்மலிங்கம் மண்டியில் மிளகாய் தரம்பிரிக்க மிஷின் வந்தது. வேலை பார்த்த இருபது பெண்களையும் முதலாளி நிறுத்திவிட்டார். செல்லக்கனி மட்டும் நகரவில்லை.

"கொள்முதல் வேலை கொடுங்க, முதலாளி. பன்னெண்டு வருசம் மிளகாய் பார்த்த கண்ணு இது."

"எந்த ஆம்பளைம்மா உன் கையைப் பிடிச்சு விலை பேசுவான்? சரி, மத்தியானத்துக்குள்ள பத்து மூட்டை வாங்கிக் காட்டு. இல்லேன்னா வீட்டுக்குப் போ."

செல்லக்கனி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வண்டிகளுக்குப் பின்னால் போனாள். தாங்கள் விளைவித்த மிளகாயை மூட்டை கட்டிக் கொண்டுவந்த சம்சாரிப் பெண்கள், தங்களுக்காக விலை பேச யாராவது ஆம்பளை வரட்டும் என்று அங்கேதான் காத்துக் கிடப்பார்கள். அவள் துண்டை விரித்தாள். ஒவ்வொரு கையாக உள்ளே வந்தது.

மத்தியானம் மண்டி வாசலில் நாற்பது மூட்டை நின்றது. முதலாளிக்குக் குரல் இறங்கிப்போனது.

"இத்தனை பொம்பளைக எங்கிருந்தும்மா வந்தாக?"

"என்னைக்கும் வர்றவகதான், முதலாளி. அவுக பிடிச்சுப் பேசத்தான் ஒரு கை இல்லாம இருந்துச்சு. இனிமே ஒரு கை பத்தாது. நீங்க நிறுத்தின பத்தொன்பது பேரையும் நாளைக்கு வரச் சொல்லவா?"

முதலாளி மூட்டைகளை இன்னொரு தடவை எண்ணினார். "வரச் சொல்லு" என்றார்.